கவுஸ் பாஷாவின் ஆறு குறிகள்

எங்கள் அதியமான்கோட்டை நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தேழில். அதைப் பார்த்துக்கொண்டவர் கவுஸ் பாஷா. பக்கத்து மேஜையில் டைப் அடிப்பவள் நான். இருவருக்கும் ஊர் கம்பைநல்லூர், போக வர ஒரே பஸ்.

மனுஷன் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழி உண்டாக்கினார். மொத்தமே ஆறு குறிகள். அவரைத் தவிர ஒருவருக்கும் புரியாது. ஆலைக்குக் காலணா பிரயோஜனமில்லை. அப்போதுதான் அவர் மனைவி ஜுபைதாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் இது என்ன கிறுக்கு என்று எனக்கு எரிச்சல்.

"இதுல மண்டைய வுட்டுட்டா வேற நெனப்பு வரதில்லீங்க ராணியம்மா," என்றார்.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு மேக்ரோ எழுதினார். குறியைக் கண்டால் அங்கே எந்த வரிகளைப் போட வேண்டும், எந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதாம் அது. புரோகிராம் ஓடுவதற்கு முன், அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றும்போதே எல்லாம் நடந்துவிடுமாம்.

ஒருநாள் காலையில் ஒரு புரோகிராமை அப்படி மாற்ற விட்டார். சாப்பாட்டு நேரம் வரை திரை அசையவில்லை. பிறகு ஓட்டினார். ஒரே ஒரு எண் வந்து நின்றது.

"மலையக் கெல்லி எலியப் புடிச்சீங்களா பாய்?" என்று சிரித்தேன்.

"வேலையெல்லாம் மாத்தறப்பவே முடிஞ்சுபோச்சுங்க. ஓடறப்ப அதுக்குச் செய்ய ஒண்ணுமில்ல." அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜுபைதா இறந்துபோனாள். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாஷா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜுபைதாவின் அக்கா அஸ்கரி பேகம் எல்லோருக்கும் சோறு போட்டாள், அவருக்கு மட்டும் போடவில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல இந்த ஆளு. எந்தங்கச்சி மேல பாசமே இல்ல," என்றாள் என்னிடம், அவர் காதுபடவே.

"வரமாட்டேங்குதுங்க," என்றார் பாஷா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, போன வருஷம் பூரா பஸ்ஸுல ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுதுக்கிட்டே வருவாருங்க. எறங்குனதும் கொழாயில மூஞ்சி கழுவிக்குவாரு. தெனமும் பாத்தவ நானு. இன்னும் என்னாங்க மிச்சம் இருக்கும்?"

அஸ்கரி பேகம் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, குழம்பு எடுக்க உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது அவர் வெறும் சோற்றையே பாதிக்குமேல் சாப்பிட்டிருந்தார். குழம்பு இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து அழுதாள்.