மகளின் கட்டுரையில் நான் எடுக்கச் சொன்ன வரி

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைதான் படித்தவன். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகள் இருக்கும் தெருவில் சாயாக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் எழுதிய ஒரு கட்டுரையை நான் கெடுத்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் பிளாஸ்டிக் எடுக்க மாதம் ஒரு முறை ஒரு சேச்சி, நம் ஊர்ப் பேச்சில் அக்கா, வருவார். கழுவிக் காயவைத்த கவர்களை மட்டும் எடுப்பார். என் கடையில் நின்று ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் போவார். உடைந்த கண்ணாடியை எடுக்க வேறொரு நாள் உண்டு. அது எப்போதாவதுதான் வரும். கடையிலோ கிளாஸ் உடைந்துகொண்டே இருக்கும். அதுவரை எங்கே வைப்பது? சில்லுகளைக் காலிப் பால் கவருக்குள் திணித்து, மடித்து, சேச்சிக்காகக் கவர்களைக் கட்டி வைக்கும் சாக்கின் அடியில் போட்டுவிடுவேன். சாக்கும் கிழியாது, வெளியேயும் தெரியாது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு சேச்சி வரவில்லை. வேறொருவர் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை தெருமுனை வாசகசாலை முற்றத்தில் கூட்டம். பேச வந்தவர் அந்தச் சேச்சி. நான் சாயா கொண்டுபோயிருந்தேன். மகள் தோழிகளோடு முன்வரிசையில் இருந்தாள். சேச்சி முதலில் மைக்கைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். அப்புறம் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நடுவிரல் மடங்கவில்லை. பால் கவரைப் பிரித்தபோது உள்ளே கோடு போட்ட சாயா கிளாஸின் சில்லு இருந்ததாம், நரம்பை அறுத்துவிட்டதாம். “நீங்க கட்டி வைக்கிற சாக்குக்குள்ள அடுத்துப் போறது என் கைதான்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அந்தத் தெருவில் சாயாக்கடை என்னுடையது ஒன்றுதான். நானும் தட்டினேன், எல்லோரையும்விடப் பலமாக. பக்கத்தில் நின்ற சுமைக்காரர், “அண்ணாச்சி, மெல்லத் தட்டுங்க. கிளாஸெல்லாம் உடைஞ்சிரப் போவுது” என்று சிரித்தார்.

அந்தப் பேச்சைப் பற்றி, படிப்பவர் மனம் மாறும்படி எழுதிவரச் சொன்னாராம் டீச்சர். மறுநாள் பள்ளி விட்டு வந்த மகள் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். எனக்கு மலையாளம் படிக்க வராது. தமிழில் சொல்லிக் காட்டினாள். கடைசி வரி இது: ‘கண்ணாடி வைத்தவரே, நீங்கள் தெரியாமல்தான் செய்திருப்பீர்கள், சேச்சியிடம் வந்து சொல்லுங்கள்.’

“அப்பா, இதைப் படிச்சா அந்த ஆள் வருவாரா?”

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். “அந்த வரி வேண்டாம்மா. யாரையோ குத்திக் காட்டற மாதிரி இருக்கு.”

“குத்தலப்பா, கூப்பிடறேன்.”

“வேண்டாம்னா விடு.”

அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அந்த வரியை அடித்துவிட்டாள்.

கட்டுரை திரும்பி வந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே என்று டீச்சர் எழுதியிருந்தாராம். “எனக்கு எழுத வரல அப்பா” என்றாள் மகள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “உனக்கு நல்லா வருது. அந்த வரி கூப்பிட்டது என்னைத்தான்” என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “தெரியாமத்தானே செஞ்சீங்க?”

“தெரிஞ்சுதான்.”

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை கடை திறக்காமல் சேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “கை ஆறினப்புறமும் உங்க கடை வழியாத்தான் போறேன், அண்ணாச்சி. சாயா குடிக்க நான் ஏன் வரலைன்னு இதுவரை நீங்க கேக்கலையே” என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் தகுதியில் இல்லை.

மகள் அந்த வரியைத் திரும்ப எழுதினாள், ‘நீங்கள் தெரியாமல்தான் செய்திருப்பீர்கள்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு. தாளைக் கடைச் சுவரில் நானே ஒட்டினேன். முதல் நாளே சுமைக்காரர் சாயாவும் கையுமாக நின்று அதை உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் திரும்பினார்.

“யாரு அண்ணாச்சி இது?”

“நான்தான்” என்றேன்.