ஸ்பானியப் பாட்டுக்கு நான் சொன்ன பொருள்

எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான். ஜேர்மனியின் ஹம் நகரத்தில், ஒன்பது வயதிலேயே அந்தப் பதவி எனக்கு வந்துவிட்டது. டொக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா சொல்லாததையும் டொக்டருக்குச் சொல்வேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் கொடுத்து அம்மாவை வரச் சொன்னால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் என்னிடம் கிடையாது. அப்படிச் சொல்லிப் பதவியை இழக்க எனக்கென்ன பைத்தியமா?

அந்தக் கோடையில் அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். விடியுமுன் பேக்கரி வேலைக்குப் போய், மதியம் மாவு மணத்தோடு திரும்புவார். வந்தவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். யன்னலுக்குப் போவார், கதவடிக்கு வருவார், மணிக்கூட்டைப் பார்ப்பார், சோற்றைப் பாதியில் விட்டு எழும்புவார். கொழும்பில் இருந்த ஒரு பெண்ணை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய விசா ஒரு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

இந்த அந்தரத்துக்கு நடுவே ஒரு பாட்டு. அந்த வருடம் ரேடியோவில் எந்நேரமும் போட்ட ஸ்பானியப் பாட்டு. ஒருத்தி நெஞ்சு வெடிக்கப் பாடுவாள். மாமா அதைக் கசெற்றில் பதிந்துவைத்து, முடிய முடியத் திருப்பிப் போடுவார். அவருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. விளங்காததால்தான் பிடித்ததோ என்னவோ. இரண்டு மணி ஆகுமுன்பே சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கேட்டால், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்பார்.

அம்மா கணக்குப் போட்டார். பேசி முடித்த பெண் கொழும்பில் இருக்க, தம்பி தினமும் வெள்ளைக்காரியின் பாட்டைக் கேட்டுவிட்டு எங்கே நடக்கிறான்? ஒருநாள் மாமா இறங்கியதும், அம்மா தானே கசெற்றைப் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில என்ன சொல்லுறாள்?"

இது நான் பள்ளிக்கூடத்தில் பேசுகிற டொச் இல்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வெள்ளைக்காரர் பேசுவதெல்லாம் ஒரே பாஷை. அதை நான் கெடுக்க விரும்பவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, குரல் உச்சத்துக்கு ஏறிய இடத்தில், அவள் தெள்ளத் தெளிவாக "நாதா, நாதா" என்றாள். எனக்கு உயிர் வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் உலகத்தின் மூத்த மொழி என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஸ்பானியர்கள் எங்களிடம் ஒரு சொல்லை எடுத்திருந்தால் அதில் என்ன அதிசயம்? வீட்டிலிருந்த புராணப்பட வீடியோக்களில் மனைவிமார் புருஷனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"'நாதா, நாதா' எண்டு புருஷனைக் கூப்பிடுறாள் அம்மா. தன்னை விட்டிட்டுப் போக வேண்டாமாம்."

அம்மா மெல்லக் கதிரையில் இருந்தார்.

அந்தச் சொல்லின் பொருளை ஆறேழு வருடம் கழித்து, ஸ்பானிய வகுப்பில் முதல் மாதமே அறிந்தேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். நமக்குள் இனி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் அவள் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் கதறியிருக்கிறாள்.

அம்மா தன் பயத்தைக் கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னார், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. அக்கா அதே வேண்டுகோளோடு எசன் நகரில் இருந்த தன் தங்கைக்குச் சொன்னார். எசனில் கதைக்குக் கை கால் முளைத்தது. அது கொழும்பில் போய் இறங்கியபோது மாமாவுக்கு ஒரு ஸ்பானியப் பெண்சாதியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

உண்மையில் மாமா நடந்தது ஸ்டேஷன் வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்கு. இங்கே இரண்டு மணி, அங்கே மாலை. அந்த நேரத்தில் கொழும்புப் பெண் டைப்பிங் வகுப்பு முடிந்து ஒரு கடை டெலிபோனுக்குப் பக்கத்தில் காத்திருப்பாள். தாலி ஏறுமுன் பேசுவது அவளுடைய தகப்பனுக்குப் பிடிக்காது என்பதால் இருவருமே வெளியில் சொல்லவில்லை. முடிந்துபோன டெலிபோன் கார்டுகளை மாமா எனக்குத்தான் தருவார். அவற்றிலிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேனே தவிர, யாரோடு பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கிழமையாகக் கடை டெலிபோனை யாரும் எடுக்கவில்லை. மாமா போன வேகத்தில் திரும்பி வந்தார், மறுபடி இறங்கினார், மறுபடி வந்தார். அதற்கடுத்து அவளுடைய தகப்பனின் கடிதம் வந்தது. எங்கள் பிள்ளையை மறந்துவிடவும் என்று எழுதி, காரணத்தையும் எழுதியிருந்தார்.

மாமா கடிதத்தை மேசையில் வைத்து, இந்தக் கதை எங்கே பிறந்தது என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். சபையில் என்னை முன்னுக்கு அழைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"நான்தான் மாமா பாட்டை மொழிபெயர்த்தனான்," என்றேன்.

அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நல்லது என்று இன்றைக்கு நினைக்கிறேன். எழும்பிப் போய்க் கசெற்றைப் போட்டுவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். அவர் அப்படி அசையாமல் இருந்து நான் கண்டதில்லை. பாட்டு முடிந்தது.

"கடைசியில என்ன சொல்லுறாள், பிள்ளை?"

"நாளைக்கு வாறாளாம், மாமா."

"ஓம்," என்று சொல்லி என் தலையைத் தடவினார். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மொழிபெயர்ப்பு மாமாவுக்குப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில், இன்னொருதரம் போடட்டுமா என்று கேட்டேன்.