பையோடு வந்தவர்

"டோகோக்காரருடன் வெளிநாட்டவர் அலுவலகம், எசன்." 2005 மார்ச் மாத நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். பெயரை எழுதவில்லை. ஜேர்மனியில் ஆபிரிக்க அகதிகளுக்கு உதவிய ஒரு சங்கம், அந்த அலுவலகத்துக்கு யாரையும் தனியே அனுப்பாது. துணைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

டோகோக்காரர் நெடிய மனிதர். உள்ளே வந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார், கதிரையில் உட்காரமாட்டார். உணவகச் சமையலறையில் யாழ்ப்பாணத்தவரோடு வேலை செய்து தமிழ் பழகியிருந்தார். தங்குவதற்கான தற்காலிகத் தாளை நீட்டிக்கப் போன அவருடைய நண்பரை அங்கேயே பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அதனால் இவர் உடுப்பெல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பையோட உள்ள போனா, நீரே போக வெளிக்கிட்டுட்டீர் எண்டெல்லோ நினைப்பாங்கள்," என்றேன்.

"அப்ப நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. பிடிச்சா கொண்டுவந்து தாங்கோ."

"கொஞ்சம் இருமன்."

"ஏலாது. இருந்தா எழும்பேக்க கால் நடுங்கும்."

அறைக்குள் அவரை மட்டும் கூப்பிட்டார்கள். கதவு திறக்கும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மூண்டு மாசம் தந்திட்டாங்கள்!"

"இனியாவது கோட்டைக் கழட்டுமன்."

"மூண்டு மாசம்தானே அண்ணை," என்று சிரித்தார்.

அடுத்த முறை எங்களுக்குச் சொல்லாமல் தனியே போய் அகப்பட்டார் என்கிறார்கள். போகவேயில்லை, அதற்கு முதல்நாளே பெல்ஜியத்துக்குப் போய்விட்டார் என்கிறார் அவரோடு சமையலறையில் நின்ற ஒருவர். நான் நம்ப விரும்புவது பெல்ஜியத்தை. இன்றுவரை இரண்டையும் உறுதிப்படுத்த முடியவில்லை.