காதுக்காரர் செட் செய்த இன்ஜின்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் புழுதி கிளப்புகிற அத்தனை பேருக்கும் அவர் காதுதான் கோர்ட்டு. வண்டியை அவர் எதிரில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். அவர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "பெட்ரோல் கம்மியா போகுது. ஒரு சைஸ் பெரிய ஜெட் போடு" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கிற குட்டி பித்தளைத் துண்டு. அதன் ஓட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். எந்த அளவு ஓட்டை என்று கண்டுபிடிக்க மற்ற மெக்கானிக்குகள் வண்டியை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பழுப்பென்றால் சரி. குளிர் நாளில் காற்று அடர்த்தியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பெரிய ஜெட் போடுவார்கள். இதெல்லாம் காதுக்காரருக்கு இளக்காரம். "பிளக்கப் பாத்து ஜோசியம் சொல்றானுங்க" என்று சிரிப்பார். "காத்து எப்படி இருக்குன்னு இன்ஜினே சொல்லும்டா. கேக்கத் தெரியணும்."

கேட்கத் தெரிந்தவர்தான், அதில் பொய் இல்லை. சின்ன வயதில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே தெருவில் போவது யார் வண்டி என்று சொல்லிவிடுவார். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் பாடம் நடத்தும்போது இவர் காது வெளியே நிற்கிற வேனில் இருக்கும். வளர்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். சுவர் முழுக்க ஜெட்டுகள் அடைத்த சின்னச் சின்ன டப்பாக்கள், ஆணியில் தொங்குகிற சைலன்சர்கள், மூலையில் சாயம் போன ஒரு நாற்காலி. கொட்டகையை விட்டு நாலு வீடு தள்ளிப் போனாலும் எரிந்த ஆயில் வாடை துரத்திக்கொண்டு வரும்.

அந்த வாடைக்குள் ஒரு நாள் அண்ணனுடைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவள்தான் அவர் மனைவி. பல் கட்டுகிற லேப்பில் வேலை. மனிதர்களின் வாய்க்குப் பொய்ப்பல் செய்கிற கை, அதனால் மயிரிழை அளவுகூட அவளுக்குப் பெரிய அளவு. வண்டி ரெடியானதும் அண்ணனிடம் ஓட்டிக்கொண்டு போகாமல் நேராகக் குவாரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "யோவ், இது இன்ஜினா, இல்ல வேற எதாவதா? இப்படிப் பறக்குது!" என்றாள். அந்த 'யோவ்'வில் காதுக்காரர் விழுந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

குழந்தை இல்லை. இருந்தது ஒரு இருநூற்றைம்பது சிசி வண்டி. அதை அவர் செட் செய்வார், அவள் ஓட்டுவாள். வெள்ளைப் பிளாஸ்டிக்கெல்லாம் மண் பட்டுக் காவியேறிப்போன வண்டி. ஜெயித்தால் அவள்தான் முதலில் அவரைக் கட்டிக்கொள்வாள், சட்டையெல்லாம் சேறாகும். "துவைக்கறது நான்தானே, உனக்கென்ன?" என்பார் அவர். உண்மையில் வீட்டில் துவைப்பது அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களின் இடது கையில் ஒரு விரல் எந்நேரமும் கிளட்ச் மேலேயே இருக்கும். இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஆயில்தான் அதன் உயிர். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். அந்த நொடியிலேயே கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபடும், ஆள் தப்பிப்பார். விரல் அங்கே இல்லையென்றால் தேடிப் பிடிக்க நேரம் இருக்காது.

ஆரம்பத்தில் அவளும் விரலை வைத்துத்தான் ஓட்டினாள். போகப் போக எடுத்துவிட்டாள். பிடியில் முழுக் கையும் இருந்தால் மேடு பள்ளத்தில் வண்டி இன்னும் சொன்னபடி கேட்கும். குவாரியில் மற்றவர்கள் திட்டினால், "என் வீட்டுக்காரர் செட் பண்ண இன்ஜின்! இதுக்குப் போய் விரல் வெச்சா அவருக்கு என்ன மரியாதை?" என்பாள். நாலு பேர் நடுவில் இதைக் கேட்டு மனுஷன் உச்சி குளிர்ந்து நிற்பார். அங்கேயே ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பெண்டாட்டி புகழ்ந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் அதட்ட வாய் வரும்?

முதலில் வாஷிங் மிஷின் முடிந்ததும் அடிக்கிற 'பீப்' கேட்காமல் போனது. ஈரத் துணி உள்ளேயே கிடந்து நாறியது. அப்புறம் அவள் அடுத்த அறையிலிருந்து பேசுவது வார்த்தையாக வராமல் வெறும் முணுமுணுப்பாக வந்தது. "யோவ், காதுல என்ன பஞ்சா?" என்பாள். "எதோ யோசனைல இருந்தேன்" என்பார். பிஸ்டன் ரிங் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் காது டாக்டரிடம் போனார். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவர் பட்டனைப் பிடித்தபடி காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் எதையோ திருப்புவதும் இவரைப் பார்ப்பதும், மறுபடி திருப்புவதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது என்று புரிந்தது.

"மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு" என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் சைலன்சர் பக்கத்துலயே நின்னிருக்கீங்க. போனது திரும்ப வராதுங்க. மெஷின் வெச்சுக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர்தான். காதில் மெஷின் மாட்டிய காதுக்காரர்! குவாரியில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அதைவிட, அவள் முகம் என்ன ஆகும்?

போனது எந்தச் சத்தம் என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் குறைவான இன்ஜினை முழுசாக முறுக்கும்போது, உள்ளே கண்ணாடி வளையல்கள் உரசுவதுபோல் ஒரு கிணுகிணுப்பு வரும். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அதைப் பிடித்ததால்தான் அந்தப் பெயர். இப்போது இரைச்சல் மட்டும் கேட்டது. அதனால் கொட்டகைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒரு தப்பும் வரவில்லை. வந்தவர்களின் வண்டியெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் குவாரியில் தாழ்ப்பாள் போட்ட கொட்டகை கிடையாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குவாரியில் பந்தயம். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கொட்டகையில் வைத்து அவள் வண்டியை செட் செய்தார். நல்ல வெயில். பிளக் அழகான பழுப்பு. மறுநாள் காலையில் குளிர் வாட்டியது. எல்லோரும் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து ஜெட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினாள். வழக்கம்போல் கூட்டம் கூடிவிட்டது. அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். சத்தம் வழுவழுவென்று, ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

"குளிரா இருக்கே, பெரிய ஜெட் போடலையாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒரு நிமிஷம் அவருக்குப் போடலாம் என்றுதான் தோன்றியது. எந்தக் கற்றுக்குட்டியும் செய்கிற வேலை. ஆனால் வருஷக்கணக்காக அந்தக் கற்றுக்குட்டிகளைத்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். இப்போது எல்லோர் எதிரிலும் குனிந்து ஜெட் மாற்றினால்? இந்தப் பாழாய்ப்போன கெத்து இருக்கிறதே, அது மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்லவே முடியாது.

"உன் காதா, என் காதா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

நீளமான நேர்ப் பாதை, அது முடிகிற இடத்தில் ஒரு மேடு. மேட்டுக்குச் சற்று முன்னால், முழு வேகத்தில், இன்ஜின் பிடித்துக்கொண்டது. சக்கரம் நின்றது, அவள் நிற்கவில்லை. விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் ஓடுவதைப் பார்த்துத்தான் அவரும் ஓடினார்.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்ச்சியோ இல்லை. இனிமேலும் இருக்காது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

வண்டியைக் கொட்டகையில் போட்டுப் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் ஒரு பக்கமாக உரிந்திருந்தது. பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். தன் அழுகை எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜினுக்கு என்னய்யா ஆச்சு?"

"ஆயில்ல ஏதோ கோளாறுங்கறாங்க" என்றார்.

'ங்கறாங்க' என்று பழியை ஊர் மேல் போட்டார், ஊர் அதை ஆயில் அண்ணன் மேல் போட்டது. குவாரி வாசலில் ஒரு பழைய வேனை நிறுத்தி ஆயில், செயின், கையுறை விற்கிற மனிதர் அவர்; அவள் வண்டிக்கு ஊற்றியதும் அவரிடம் வாங்கிய ஆயில்தான். அவளைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் காதுக்காரரை மாப்ள என்பார். கலப்பட ஆயில் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். யாரும் அவரிடம் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காதுக்காரர் எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டு, அவளைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் சக்கர நாற்காலியில் தூக்கி வைப்பதுமாக இருந்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. எத்தனை செய்தாலும் அவருக்குப் போதவில்லை.

ஒரு சாயங்காலம் ஆயில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள் அவள், பக்கத்தில் காதுக்காரர். ஆயில் அண்ணனைக் கண்டதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு வந்தீங்க? நான் எப்படி உக்காந்திருக்கேன்னு பாத்துட்டுப் போகவா?"

"திட்டும்மா. நல்லா திட்டு" என்றார் அவர். செருப்பைக் கழற்றியவர் அறைக்குள் வரத் தயங்கி நிலைப்படியிலேயே நின்றார். "அதே டப்பா ஆயிலதான் என் மச்சான் வண்டிக்கும் ஊத்தினேன், அவனுக்கு ஒண்ணும் ஆகல. எப்படிம்மா உனக்கு மட்டும் ஆச்சு? யோசிச்சு யோசிச்சு மண்டையே வெடிக்குது. எங்கயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன். என்னையறியாம எதையோ மாத்திக் குடுத்திருக்கேன். நான்தான் தங்கச்சி, நான்தான்."

அவர் பேசியதில் பாதி காதுக்காரருக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆள் 'நான்தான், நான்தான்' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தார். ஊர் பழி சொன்னதைக் காதுக்காரர் பொறுத்துக்கொண்டார். அந்த மனிதர் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டாரே, அதைப் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, உங்க ஆயில் நல்ல ஆயில்" என்றார். "ஜெட் சின்னது. பிளக் வெள்ளையா இருந்துச்சு. எனக்குக் காது கேக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருக்குய்யா காது குத்தற? அண்ணன காப்பாத்தறதுக்கு எதையாவது உளறாத."

"நிஜமாத்தான். டாக்டர்ட்ட போனேன். மெல்லிசான சத்தம் எதுவும் கேக்காது. அன்னிக்கும் கேக்கல. கேட்ட மாதிரி நின்னேன்."

"எப்பலேர்ந்து?"

அவள் மெதுவாகக் கேட்டாள். அவருக்கு விழவில்லை. "என்ன?" என்றார். வெகு நாளாக யாரிடமும் கேட்காமல் விழுங்கிய வார்த்தை அது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகக் கேட்டாள்.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"ரெண்டு மூணு வருஷமா."

"அத்தனை வருஷமும் நான் ஓட்டினேன்."

"சொன்னா நீ ஓட்டறத விட்டுடுவியோன்னு… என்னை எப்படிப் பாப்பியோன்னு…"

"விட மாட்டேன்யா!" என்று கத்தினாள். நாற்காலியின் கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் அது கிரீச்சிட்டது. "நான் ஏன் விடறேன்? ஓட்டியிருப்பேன். விரல வெச்சு ஓட்டியிருப்பேன். அவ்ளோதான்யா! ஒரே ஒரு விரல்!"

அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

ஆயில் அண்ணன் நிலைப்படியிலேயே, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, என்னைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?"

பழக்க தோஷத்தில் காதுக்காரர்தான் நாற்காலியின் பின்னால் போய்க் கைவைத்தார். அவள் திரும்பாமல், "நீ வேண்டாம்" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் இரண்டு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அதில் அவளை ஏற்றி இறக்கியது காதுக்காரர் ஒருவர்தான். ஆயில் அண்ணன் விளிம்பில் நாற்காலியைப் பிடித்தபடி தவித்தார். "பயப்படாதீங்கண்ணே" என்றாள் அவள். "என்னைப் பின்பக்கமா சாய்ச்சுக்கங்க. பெரிய சக்கரம் முதல்ல. ஆ, அப்படித்தான்." ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து, அவர் கையால் தெருவில் இறங்கிப் போனாள்.