மொட்டை மாடியில் ஓர் அடி அண்ணாமலை

முட்டாள்தனத்தில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஆனாலும் மலையையே சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு பொய் சொன்னது அந்த ஒருநாள்தான்.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். போனில் ஒரு நிமிட வீடியோ போட்டு ஊர்ச் செய்தி சொல்வாள். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, யாரைப் போய்க் கேட்பது, மனு எப்படி எழுதுவது என்று அவள் சொல்ல, அவள் வயதுப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள். நானும் முப்பது வருடமாக டீக்கடையில் அரசியல் பேசுகிறேன். டீ ஆறியதுதான் மிச்சம்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு தெருவுக்கு மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க, அந்த ஊர் இளவட்டங்களைத் திரளாக வரவழைக்க வேண்டும் என்று கிளம்பினாள். நாலு பேர் போனால் மனு கட்டோடு கட்டாகிவிடும். இடையில் அவளுக்குப் பரீட்சை வந்தது.

"மாமா, நேரா அங்க போயி குழாயக் காட்டி ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க. உங்க மூஞ்சிய மட்டும் கம்மியா காட்டுங்க."

வெயிலுக்குப் பயந்து நான் போகவில்லை. செங்கம் ரோட்டில் இருக்கும் என் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து காட்டி, பின்னால் மலை தெரிய, அடி அண்ணாமலையிலிருந்து பேசுவதாக முழங்கினேன். பரீட்சை அவசரத்தில் அவளும் சரியாகப் பார்க்காமல் போட்டுவிட்டாள்.

அரைமணி நேரத்தில் மாட்டிக்கொண்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றுகிற ஊர் இது. எங்கே நின்றால் மலை எப்படித் தெரியும் என்று எல்லாருக்கும் அத்துப்படி. 'அங்கிள், அது செங்கம் ரோட்டு மலை' என்று ஒருவன் எழுத, பின்னாலேயே ஒரு பட்டாளம் வந்தது. 'அப்ப தண்ணி வரலன்றதும் இப்படித்தானா?' என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அதைப் படித்ததும்தான் அக்கா மகளின் முகம் மாறியது.

என் வீடியோவை நீக்கிவிட்டு, அன்று மாலையே அந்தத் தெருக் குழாயடியில் போய் நின்றாள். காலையில் போட்டது பொய், சரிபார்க்காமல் போட்டது தன் தப்பு என்று சொல்லி, காய்ந்து கிடந்த நிஜக் குழாயைத் திறந்து காட்டிப் புது வீடியோ போட்டாள்.

திங்கட்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் அதுவரை மனு என்று ஒன்றைத் தொட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் நான் கிளப்பிய சத்தத்தின் மகிமை என்றே நினைத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒருவனிடம், "என் வீடியோ பாத்துத்தான வந்த தம்பி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லிங்க, அந்தக்கா தப்ப ஒத்துக்கிச்சு, அதான் வந்தேன்."