தலையெண்ணெய் மேல் போட்ட பழி

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில், நைலான் துணியில் ரப்பரை ஒட்டி இயந்திரங்களுக்குப் பட்டை (பெல்ட்) செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே புதிதாகப் பிளாஸ்மா இயந்திரம் வந்தது. அதன் ஊதா ஒளியில் நைலான் துணியைக் காட்டினால் ரப்பர் நன்றாக ஒட்டும் என்றார்கள். ஒட்டவில்லை. கையால் இழுத்தாலே உரிந்தது.

சூப்பர்வைசரும் தமிழர்தான். ஆனாலும் ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்ற பெண்களைத்தான் குற்றம் சொன்னார்.

"உங்க தலையெண்ணெய்தான் துணியில படுது. நாளையிலேருந்து யாரும் எண்ணெய் வைக்கக் கூடாதுலா."

"எண்ணெய் தலையில இருக்கு அண்ணே. கையில உறை போட்டுத்தானே வேலை செய்றோம்," என்றார் என்னோடு நின்ற லெட்சுமி அக்கா. எதிர்த்துப் பேசினார் என்று அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நாங்கள் வறண்ட தலையோடு போனோம். பட்டை அப்போதும் உரிந்தது.

கடைசியில் இயந்திரத்தைப் பொருத்திய கம்பெனி ஆள் வந்தார். துணிச் சுருள்கள் கிடந்த கொட்டகையின் கூரை ஒழுகுவதைக் கண்டுபிடித்தார். ஈப்போவின் சாயங்கால மழையைக் கேட்க வேண்டுமா? ஈரத் துணியை இயந்திரத்துக்குள் வைத்தால் நீராவி கிளம்பி, ஒளியைத் துணியில் வேலை செய்ய விடாது என்றார். துணியைக் காயவைக்க அடுப்பு வந்தது. கூரை மாறியது. அக்காவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். "முடிஞ்ச கதை, விடும்மா," என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் நெற்றியில் வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு போனேன். அன்று செய்த பட்டையை அவர் முன்னால் போட்டேன்.

"இழுத்துப் பாருங்க அண்ணே."

இழுத்தார். உரியவில்லை. பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.