தரையோடு வெட்டிய ராஸ்பெரி

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் என் கணவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு வருஷம்தான், பிறகு ஊருக்குப் போயிடுவம்." பெட்டிகளை முழுதாகப் பிரிக்கவும் விடவில்லை, சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் விடவில்லை. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஒரு குளிர்காலத்தில் ராஸ்பெரிக் கன்று வாங்கப் போனேன். கோடையில் காய்க்கும் இனத்துக்கு இரண்டாம் வருடம்வரை காத்திருக்க வேண்டும், இலையுதிர்கால இனம் வருகிற மார்ச்சிலேயே பழம் தரும் என்றார் கடைக்காரப் பெண். யோசிக்காமல் அதையே வாங்கினேன். போகிறவர்களுக்கு அதுதானே சரி.

சொன்னபடியே மார்ச்சில் பழுத்தது. விரல் சிவக்கப் பறித்துத் தின்றோம். மறுபடி குளிர் வந்தது. பயணத் திகதியை இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்டில் ஒரு காலை அவர் தண்டுகளையெல்லாம் தரையோடு வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. புறப்படத்தான் போகிறோம்!

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

"ஏனப்பா பதறுறீர்? இப்ப வெட்டினாத்தான் புதுத் தண்டு வந்து அடுத்த மார்ச்சுக்குக் காய்க்கும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

நான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து எங்கள் கலியாணப் படத்தை எடுத்தேன். ஆணியை நானே அடித்தேன். அப்போது மனதில் இருந்தது நிம்மதியா துக்கமா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.